காம்பவுண்ட்: வேலியா, கம்பவுண்டா, வட்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரே நாளில் இந்தச் சொல் நாலு விதமாகக் காதில் விழும். பள்ளிக்கூட வாசல் பலகையில் ‘ஸ்கூல் காம்பவுண்ட்’, கார் வைப்பருக்கு அடியில் ஒரு ‘கம்பவுண்ட்’ (விதியை மீறியதற்குப் பணம் கட்டச் சொல்லும் தாள்), வேதியியல் வகுப்பில் ஒரு காம்பவுண்ட், வங்கிக் கவுண்டரில் ‘காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்’. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் டியூஷன் வகுப்புகளிலும் பினாங்கு லிட்டில் இந்தியா பக்கமும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். முதல் கேள்வியைப் படித்துவிட்டு மற்றதற்குப் போவது நல்லது. பின்னால் வரும் பதில்கள் பலவும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

காம்பவுண்டுன்னா என்னதான் அர்த்தம்? ஒரே வார்த்தைல சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஏனென்றால் இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு சொற்கள். எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். முதலாவது லத்தீனிலிருந்து வந்தது. ‘சேர்த்து வைப்பது’ என்பது அதன் அடிப்படை. வேதியியல் சேர்மம், கூட்டு வட்டி, கூட்டுச்சொல், ‘காம்பவுண்ட்’ எலும்பு முறிவு, காரில் வைத்துவிட்டுப் போகும் கம்பவுண்ட், எல்லாமே இதன் பிள்ளைகள்.

இரண்டாவது, வீட்டையோ பள்ளியையோ சுற்றியுள்ள வளாகம். இதற்கும் லத்தீனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது மலாய்க்காரர்களின் ‘கம்போங்’. நல்ல ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போட்டிருக்கும். உங்கள் அகராதியில் எல்லாம் ஒரே பதிவுக்குள் கிடந்தால், அதைச் சொற்பிறப்புக்கு நம்பாதீர்கள்.

லத்தீன்ல இருந்து வந்ததுன்னா, கடைசில இருக்கிற ‘டி’ எப்படி வந்துச்சு? ஃபிரெஞ்சுல அது இல்லையே?

நல்ல கேள்வி. லத்தீனில் ‘கொம்போனெரே’: ‘கொம்’ என்றால் கூட, ‘போனெரே’ என்றால் வைத்தல். அது பழைய ஃபிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘காம்பூனென்’ என்று இருந்தது. ‘டி’ ஒலி 16ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. ‘எக்ஸ்பவுண்ட்’ போன்ற சொற்களின் சாயலில் வந்த ஒட்டு இது. சத்தத்தைக் குறிக்கும் ‘சவுண்ட்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். அதுவும் முதலில் ‘டி’ இல்லாமல் ‘சூன்’ என்றே இருந்தது.

இதே லத்தீன் வேரில் பிறந்த உறவுக்காரர்கள் இன்னும் உண்டு: காம்பொனன்ட், காம்போசிட், காம்போசிஷன். தோட்டத்துக்குப் போடும் கம்போஸ்ட் உரமும் இந்தக் குடும்பம்தான்.

வீட்டைச் சுத்தி இருக்கிற காம்பவுண்ட் மலாய் வார்த்தைங்கிறீங்க. நிஜமாவா? இங்க உள்ளவங்க பெருமைக்குச் சொல்றதா?

பெருமைக்குச் சொல்வது இல்லை. மலாயில் கம்போங் என்றால் இன்று நாம் நினைக்கும் ‘கிராமம்’ மட்டும் இல்லை. பழைய துறைமுக நகரங்களில் ஒவ்வொரு இனத்தாரும் சேர்ந்து குடியிருந்த பகுதிக்கும், வேலி போட்ட வீட்டுத் தொகுதிக்கும் அதே பெயர். ஜார்ஜ் டவுனில் இன்றும் கம்போங் கோலாம், கம்போங் மலபார் என்று தெருப் பெயர்கள் இருக்கின்றன. அவை கிராமங்கள் அல்ல, நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் பேட்டைகள். மலாக்காவைப் பற்றி 1613இல் எழுதிய போர்த்துக்கீசிய நில வரைவாளர் கொடின்யோ தெ எரேடியா, ‘கம்போன் செலிம்’ என்று ஒரு பகுதியைக் குறிக்கிறார். அது சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர்கள் வாழ்ந்த பேட்டை. அதாவது இந்தச் சொல் ஐரோப்பிய ஏட்டில் பதிவாகும்போதே நம்மவர் குடியிருப்பும் கூடவே பதிவாகியிருக்கிறது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 17ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் பந்தாமில் ஒரு பண்டகசாலை இருந்தது. மெட்ராஸ் கோட்டை தொடங்கிய காலத்தில் அது பந்தாமுக்குக் கீழேதான் இயங்கியது. ஆட்களும் கணக்கேடுகளும் இரண்டு கரைக்கும் போய்வந்தபோது சொல்லும் கப்பலேறியது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் 1679ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று, கோதாவரிக் கழிமுகத்தில் டச்சுக்காரர்களின் சாயப் பண்டகசாலையை விவரிக்கிறது: பெரிய ‘காம்பவுண்ட்’, நீலத் துணி சாயமேற்ற 300க்கும் மேற்பட்ட சாடிகள் தரையில் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. சுற்றி அடைத்த வேலை முற்றம் என்ற பொருளில் அந்தச் சொல் அப்போதே அங்கு புழங்கியிருக்கிறது.

ஆனா இது போர்த்துக்கீசிய வார்த்தைன்னு ஒரு சார் சொன்னாரே?

அப்படியும் ஒரு கருத்து இருந்தது. வயல்வெளியைக் குறிக்கும் ‘கம்பான்யா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்தோ, அதன் ஃபிரெஞ்சு வடிவத்திலிருந்தோ வந்திருக்கலாம் என்றார்கள். மலாய் மூலத்தை முதலில் முன்வைத்தவர் ஜான் கிராஃபர்ட். கம்பெனி மருத்துவராக 1808இல் பினாங்குக்கு வந்து மலாய் படித்தவர், பிறகு சிங்கப்பூர் ரெசிடென்ட், அதாவது ஆங்கிலேய நிர்வாகத் தலைவர், ஆனவர். இந்திய ஆங்கிலச் சொற்களுக்கு யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்த எல்லாக் கருத்துகளையும் வரிசையாக வைத்து அலசுகிறது.

இன்றைய அகராதிகள் மலாய் மூலத்தையே ஏற்கின்றன. பொருள் பொருந்துகிறது, முன்பு சொன்ன வணிகப் பாதை பொருந்துகிறது, ‘கம்போன்’ என்ற இடைவடிவமும் ஏட்டில் இருக்கிறது. திறந்த வயலைக் குறிக்கும் சொல், அடைத்த முற்றத்தைக் குறிக்கும் சொல்லாக மாற அவ்வளவு எளிதில் வழியில்லை. கடைசி ‘ங்’ ஒலி ‘ண்ட்’ ஆனதற்குக் காரணம், ஆங்கிலேயர் வாயில் ஏற்கெனவே லத்தீன் காம்பவுண்ட் பழகிக் கிடந்ததுதான். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துவிட்டார்கள்.

அப்போ நாம சொல்ற ‘கம்பமும்’ தமிழ்நாட்டுல சொல்ற ‘காம்பவுண்டும்’ ஒண்ணா?

ஆமாம், வந்த வழிதான் வேறு. ‘கம்பத்து வீடு’, ‘கம்பத்து ஆளுங்க’ என்று இங்கே நாம் சொல்வது மலாய் ‘கம்போங்’கிலிருந்து நேராக எடுத்தது. தமிழ்நாட்டில் ‘காம்பவுண்டு சுவர்’ என்பது மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்தது. சென்னையில் ஒருவர் காம்பவுண்டுக்குள் மாமரம் வைத்திருக்கிறேன் என்று சொல்லும்போது, அவர் அறியாமலே மலாய் பேசுகிறார்.

விளக்குக் கம்பம், கொடிக்கம்பம் என்பவை தனித் தமிழ்ச்சொல். அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

காம்பவுண்டுன்னா சுவரா, சுவருக்குள்ள இருக்கிற இடமா?

இடம்தான். ‘காம்பவுண்டு ஏறிக் குதித்தான்’ என்று தமிழில் பேசும்போது சுவரையே குறிக்கிறோம். பேச்சில் அது சரி, ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். சுவர் வேண்டுமென்றால் ‘காம்பவுண்ட் வால்’ என்று முழுதாக எழுத வேண்டும். பிரிட்டனில் அதையும் அதிகம் சொல்ல மாட்டார்கள், ‘கார்டன் வால்’, ‘பவுண்டரி வால்’ என்பார்கள்.

இன்னொன்று: மலேசியாவிலும் இந்தியாவிலும் ஸ்கூல் காம்பவுண்ட் என்பது சாதாரணச் சொல். பிரிட்டிஷ், அமெரிக்க வாசகர் காதில் தனியாக ‘காம்பவுண்ட்’ என்று விழுந்தால் ராணுவ முகாமோ சிறையோ மாதிரி, காவலோடு அடைத்த இடமே மனத்தில் வரும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880களில் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே விடாமல் வைத்திருந்த குடியிருப்புகளுக்கும் இதே பெயர்தான். அந்த நிழல் சொல்லோடு இன்னும் ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது ‘ஸ்கூல் கிரவுண்ட்ஸ்’ என்று போடுங்கள்.

கார்ல கம்பவுண்ட் வச்சிட்டுப் போயிட்டாங்க. யாரோட காம்பவுண்டுக்குள்ளயோ நிறுத்துனதாலதான் அந்தப் பேரா?

இல்லை. பொருத்தமாகத் தோன்றும், ஆனால் தவறு. இது முதல் பதிலில் சொன்ன லத்தீன் சொல். ‘கொம்போனெரே’ என்பதற்கு லத்தீனிலேயே ‘சச்சரவைத் தீர்த்து வைத்தல்’ என்றும் ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்தில் கடன் கொடுத்தவர்களோடு பேசி, முழுக் கடனுக்குப் பதில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்வதைக் ‘காம்பவுண்ட்’ செய்வது என்றார்கள். சட்டம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது: வழக்குப் போடாமல், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிப்பது. ஆகவே உங்கள் வைப்பருக்கு அடியில் இருப்பது, ‘இவ்வளவு கட்டினால் நீதிமன்றத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்ளலாம்’ என்ற சமரச அழைப்பு.

மலாய் ‘கொம்பாவுன்’ ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. ‘கம்போங் இங்கிலாந்து போய்க் கொம்பாவுனாகத் திரும்பி வந்தது’ என்று சிலர் சுவையாகச் சொல்வார்கள். அது லத்தீன் வழி வந்த சொல், கம்போங் அல்ல. வளாகம் என்ற பொருளுக்கு மலாயில் ‘பெர்காராங்ஙான்’ என்று வேறு சொல் இருக்கிறது.

சம்மனும் கம்பவுண்டும் ஒண்ணுதானே? ஃபைனும் அதானே?

பேச்சில் மூன்றையும் ஒன்றாகவே புழங்குகிறோம், சட்டத்தில் மூன்றும் வேறு. சம்மன் என்றால் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கட்டளை. கம்பவுண்ட் என்றால் மேலே சொன்ன சமரச அழைப்பு, அதிகாரம் பெற்ற அதிகாரி தருவது. ஃபைன், அதாவது மலாயில் டெண்டா, குற்றம் நிரூபணமான பிறகு நீதிமன்றம் விதிப்பது. நம் நாளிதழ்கள் கடைசி இரண்டுக்கும் ‘அபராதம்’ என்றே எழுதிவிடுவதால்தான் குழப்பம். 2021 மார்ச்சில் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டை மீறும் தனிநபருக்கு 10,000 ரிங்கிட் வரை என்று பெரிய சர்ச்சை கிளம்பியதே, அது கம்பவுண்டின் உச்ச வரம்பு. நீதிமன்றம் போடும் அபராதம் இல்லை.

வீட்டுக்குத் தாள் வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். தொகையும் கட்ட வேண்டிய கடைசித் தேதியும் இருந்தால் கம்பவுண்ட். நீதிமன்றத்தின் பெயரும் ஆஜராக வேண்டிய நாளும் இருந்தால் சம்மன். இரண்டாவதைக் கட்டண நோட்டீஸ் என்று நினைத்து மேசை டிராயரில் போட்டுவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கம்பவுண்ட் கட்டுனா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடுமா? கட்டாம விட்டா?

கட்டினால் அந்தக் குற்றத்துக்காக வழக்குப் போட மாட்டார்கள். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததாக ஆகாது. அழைப்புதான் என்பதால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தாலும், தேதி தாண்டினாலும், கோப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே விதிக்கக்கூடிய தொகை கம்பவுண்டைவிட அதிகமாக இருக்கும்.

நியாயம் உங்கள் பக்கம் என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன்பே மேல்முறையீட்டுக் கடிதம் கொடுங்கள். வண்டி நின்ற இடத்தின் படம், பார்க்கிங் ஆப்பில் கட்டிய ரசீது, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் சேர்ந்திருக்கட்டும். கட்டிவிட்டுப் பிறகு வாதாடினால் எடுபடாது, சமரசம் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். நகராட்சி மன்றங்கள் பலவற்றில் சீக்கிரம் கட்டினால் தொகை குறையும், தாளில் எந்த நாளுக்குள் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘காம்பவுண்டிங் எ ஃபெலனி’ன்னு படிச்சேன். குற்றத்தை இன்னும் பெருசாக்குறதுதானே?

கிட்டத்தட்ட எல்லோரும் விழும் குழி இது. பெரிதாக்குவது இல்லை, மூடி மறைப்பது. திருட்டுக் கொடுத்தவர் திருடனிடம் பணம் வாங்கிக்கொண்டு ‘புகார் செய்ய மாட்டேன்’ என்று முடித்துக்கொள்வதுதான் இங்கிலாந்துச் சட்டத்தில் காம்பவுண்டிங் எ ஃபெலனி. அது ஒரு தனிக் குற்றம். அந்தப் பெயரில் அங்கே 1967வரை இருந்தது.

நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அதற்கு நெருக்கமானது 213ஆம் பிரிவு: குற்றவாளியைக் காப்பாற்றக் கையூட்டுப் பெறுவது. 2024வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே எண்தான், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இன்னொரு பக்கம், சிறு காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமரசமாக முடித்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. எது சமரசத்துக்கு உரியது என்பதைச் சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. பட்டியலுக்கு வெளியே செய்தால் அதுவே குற்றம்.

கூட்டு வட்டில எல்லாத்தையும் சரியாப் போட்டும் விடை தப்பா வருதே டீச்சர்?

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. 10,000 ரிங்கிட், ஆண்டுக்கு 4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேரும், 5 ஆண்டு என்று வைப்போம். விகிதத்தை நாலாக வகுத்தால் 1 சதவீதம், அது சரி. ஆனால் தவணை எண்ணிக்கையையும் நாலால் பெருக்க வேண்டும்: 5 அல்ல, 20. 1.01ஐ 20 தடவை பெருக்கினால் முதிர்வுத் தொகை 12,201.90. பெருக்க மறந்து 5 தடவையோடு நிறுத்தினால் 10,510.10 வரும். தனி வட்டிக்கே 12,000 வர வேண்டும், அதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ தவறு என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

கிரெடிட் கார்டில் இதே கணக்கு உங்களுக்கு எதிராக ஓடும். ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் மாதம் 1.5. கட்டாத வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்தால், ஆண்டு முடிவில் உண்மையில் ஏறியிருப்பது 19.56 சதவீதம். வட்டி மேல் வட்டி ‘சேர்த்து வைக்கப்படுவதால்’ காம்பவுண்ட் என்று பெயர்.

‘இட் காம்பவுண்டட் தி பிராப்ளம்’னா பிரச்சினையைத் தீர்த்துட்டாங்கன்னு அர்த்தமா? சமரசம்னு சொன்னீங்களே.

நேர் எதிர். ‘இன்னும் மோசமாக்கியது’ என்று பொருள். இருக்கிற சிக்கலோடு இன்னொன்றைச் சேர்த்து வைப்பது, கூட்டு வட்டி ஏறுவது போல. ஒரே சொல்லுக்கு ‘தீர்த்துவை’, ‘மோசமாக்கு’ என்று இரண்டு எதிர்ப்பொருள் வந்து நிற்கிறது. பக்கத்தில் குற்றம், கடன் என்று சட்டச் சொல் இருந்தால் சமரசம். சிக்கல், துயரம், தாமதம் என்று இருந்தால் மோசமாகிறது.

ஃபார்ம் ஃபோர் கெமிஸ்ட்ரி: தே தாரிக் (பால் தேநீர்) காம்பவுண்டா மிக்ஸ்ச்சரா?

கலவை. மலாயில் சம்புரான், தமிழில் கலவை. காம்பவுண்ட் என்பது மலாயில் செபாத்தியான், தமிழில் சேர்மம். சேர்மத்தில் தனிமங்கள் மாறாத விகிதத்தில் வேதிப்பிணைப்பால் இணைந்திருக்கும். 18 கிராம் தண்ணீரில் எப்போதும் 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். கடைக்காரர் பாலைக் கூட்டினாலும் குறைத்தாலும் தே தாரிக் தே தாரிக்தான், ஆகவே கலவை. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மட்டும் எடுத்தால் அது சேர்மம்.

ஆக்சிஜன் வாயுவில் இரண்டு அணு இருப்பதால் அதுவும் சேர்மம் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே தனிமம், அதனால் மூலக்கூறுதான், சேர்மம் ஆகாது.

அப்போ ஃபேக்டரில ‘ரப்பர் காம்பவுண்ட்’ங்கிறாங்களே, அது சேர்மமா?

இல்லை, மேலே சொன்ன கணக்கில் அது கலவை. தொழிற்சாலைப் பேச்சில் காம்பவுண்ட் என்றால் ‘அளந்து கலந்த சரக்கு’. பால்மரத்துப் பாலோ ரப்பர் கட்டியோ தனியாக எதற்கும் உதவாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். டயர் தேய்மானப் பகுதிக்குப் பொதுவான செய்முறை, 100 பங்கு ரப்பருக்கு: கார்பன் பிளாக் 50 பங்கு, ஜிங்க் ஆக்சைடு 3 முதல் 5, ஸ்டீயரிக் அமிலம் 2, கந்தகம் 2, ஆக்சிலரேட்டர் (பிணைப்பை விரைவாக்கும் பொருள்) 1 அளவில். அளவு எல்லாம் ரப்பரின் எடையை 100 என்று வைத்துச் சொல்வதுதான் வழக்கம். மொத்த எடையில் சதவீதம் என்று நினைத்து அளந்தால் தொகுதி முழுக்க வீண்.

வரிசையும் முக்கியம். கார்பன் பிளாக்கை முதலில் கலந்து, சூடு இறங்கிய பிறகுதான் கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும் போடுவார்கள், மிக்ஸர் இயந்திரத்தில் வெப்பம் 110 பாகை செல்சியஸைத் தாண்டாமல். தாண்டினால் அச்சுக்குப் போகும் முன்பே பிணைப்பு தொடங்கிவிடும். சரக்கு உருளையில் கட்டி கட்டியாகச் சொரசொரவென்று வரும். ‘ஸ்கார்ச்’ ஆயிடுச்சு என்பார்கள், அதைத் திரும்ப உருக்கிச் சரிசெய்ய வழியில்லை. அச்சில் 150 பாகை அளவில் வேகும்போதுதான் கந்தகம் ரப்பர் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறது. மோட்டார்சைக்கிள் கடையில் ‘சாஃப்ட் காம்பவுண்ட்’ டயர் என்றால் இந்தச் செய்முறை மென்மையானது, பிடிப்பு அதிகம், தேய்மானமும் அதிகம்.

பட்டறைல ‘காம்பவுண்ட் அடிக்கணும்’னு சொன்னாங்க. கார்க்கு எதுக்குக் கம்பவுண்ட்?

போலீஸ்காரர் இல்லை, பயப்பட வேண்டாம். இது ரப்பிங் காம்பவுண்ட்: நுண்ணிய தேய்ப்புத் தூளை எண்ணெய், தண்ணீர் போன்றவற்றோடு கலந்த பசை. பெயர்க் காரணம் ரப்பருக்குச் சொன்னதேதான். மேல் கீறலை நிரப்புவது இல்லை அது. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து மட்டமாக்குகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் பூச்சு மெலிகிறது. கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு, மொத்தமே ஏறத்தாழ 40, 50 மைக்ரான்.

காரைக் கழுவி மணல் போக்கி, நிழலில், தகடு ஆறிய பிறகு செய்ய வேண்டும். முதலில் ஓர் ஓரத்தில் சிறு சதுரத்தில் சோதனை. கதவு விளிம்பு, பானெட் மடிப்பு இங்கெல்லாம் பூச்சு மிக மெல்லியது, டேப் ஒட்டி மறையுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. கிளியர் கோட் உள்ள காரில் துணியில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள், கோட் போய்விட்டது. இனி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

காம்பவுண்ட் ஃபிராக்ச்சர்னா எலும்பு பல துண்டா உடையறதா?

இல்லை. எலும்பு முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து காயம் வெளியே திறந்திருப்பது. முறிவோடு புண்ணும் சேர்ந்திருப்பதால் அந்தப் பெயர். மருத்துவர்கள் இப்போது ‘ஓப்பன் ஃபிராக்ச்சர்’ என்றே அதிகம் சொல்கிறார்கள். பல துண்டாக நொறுங்குவதற்குக் ‘காமினியூட்டட்’ என்று தனிச் சொல் உண்டு.

கிருமித் தொற்றுதான் இதில் பெரிய ஆபத்து. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அசையாமல் வைத்து 999க்கு அழையுங்கள்.

கறிவேப்பிலை காம்பவுண்ட் லீஃப்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடையில் ‘ஒரு இணுக்கு’ என்று கிள்ளி வாங்குகிறோமே, தாவரவியல் கணக்கில் அந்த முழு இணுக்கும் ஒரே இலை. அதிலுள்ள பத்து இருபதும் சிற்றிலைகள். சோதனை எளிது: உண்மையான இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. முருங்கை, வேம்பு, புளி எல்லாமே கூட்டிலைகள்தான். முருங்கையில் கூட்டுக்குள் கூட்டு, மாணவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள்.

ஊர்ல ஆஸ்பத்திரில ‘கம்பவுண்டர்’னு ஒருத்தர் இருப்பாரே, அவரும் இதே குடும்பமா?

ஆமாம், லத்தீன் பக்கம். மாத்திரை பாக்கெட்டில் வராத காலத்தில் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்தை அளந்து கலந்து கொடுத்தவர். மலாயாத் தோட்டங்களில் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தவரை நம்மவர்கள் ‘டிரெஸ்ஸர்’ என்றே அழைத்தார்கள், அதனால் இங்கே கம்பவுண்டர் அவ்வளவாக வேரூன்றவில்லை.

பவுண்டு, இம்பவுண்ட் எல்லாம் இதுல இருந்துதான் வந்துச்சா? வண்டியை அடைச்சு வைக்கிறதும் வளாகம்தானே?

ஒன்றுகூட இல்லை. பிடிபட்ட மாடு, நாய், வண்டி இவற்றை அடைக்கும் ‘பவுண்ட்’ பழைய ஆங்கிலச் சொல், அதிலிருந்துதான் இம்பவுண்ட். எடையும் பணமும் ஆன பவுண்டு, எடையைக் குறிக்கும் லத்தீன் ‘போண்டோ’விலிருந்து. இடிப்பது என்ற ‘பவுண்ட்’ மூன்றாவது சொல். அடைப்பிடம் என்ற பொருள் ஒத்துப்போவதால் வளாகக் காம்பவுண்டுக்கு உறவு என்று நினைக்கத் தோன்றும். அதன் மூலம் கம்போங் என்று தெரிந்தபின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

எங்க அழுத்திச் சொல்லணும்? முதல்லயா கடைசிலயா?

பெயர்ச்சொல்லானாலும் அடைமொழியானாலும் முதல் அசையில். வினையானால் இரண்டாவது அசையில். வளாகம் பெயர்ச்சொல்தான், எப்போதும் முதல் அசை.

‘நோ பார்க்கிங் இன் தி காம்பவுண்ட். ஆஃபெண்டர்ஸ் வில் பி காம்பவுண்டட்.’ கோயில் வாசல்ல போர்டு வைக்கணும், தமிழ்ல எப்படி எழுதுறது?

முதல் காம்பவுண்ட் மலாய், இரண்டாவது லத்தீன். ‘வளாகத்தில் வாகனம் நிறுத்தக்கூடாது. மீறுவோருக்குக் கம்பவுண்ட் விதிக்கப்படும்’ என்று எழுதலாம். ‘அபராதம்’ என்று போட்டாலும் எல்லோருக்கும் புரியும். ஆனால் இரண்டாவது வாக்கியத்தை எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள். கம்பவுண்ட் தரும் அதிகாரம் மாநகராட்சி, போலீஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) போன்ற சட்ட அதிகாரம் பெற்ற தரப்புக்குத்தான் உண்டு, கோயில் நிர்வாகத்துக்கு இல்லை. சொந்த நிலமாக இருந்தால் ‘அனுமதியின்றி நிறுத்தும் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிவிட்டு, இரவில் கேட்டைப் பூட்டுங்கள்.